வெயிலுக்குத் துண்டு, வேலைக்குத் தொப்பி: ஓசூர், கிருஷ்ணகிரிப் பெண்களின் தலைத்துணி

தமிழ்ப் பெண்கள் தலையை மூடுவதில்லை என்பது நாம் அடிக்கடி சொல்லிக்கொள்ளும் பேச்சு. முக்காடு வடக்கத்தி வழக்கம், இல்லாவிட்டால் இஸ்லாமியர் வழக்கம். நம் பெண்களுக்குப் பின்னலும் பூவும்தான் என்று முடித்துவிடுவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை ஏதாவது ஒரு சாலையோரம் நின்று பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி பறிக்கப் போகும் பெண்கள் தலையில் ஈரிழைத் துண்டு. சரக்கு வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போகும் சித்தாள் பெண்கள் தலையிலும் அதுவே. ஓசூர் சிப்காட்டுக்குப் போகும் கம்பெனிப் பேருந்துகளில் உட்கார்ந்திருக்கும் இளம்பெண்கள் இன்னும் அரை மணி நேரத்தில் தொப்பிக்குள் முடியைத் திணித்துக்கொள்ளப் போகிறவர்கள். ஸ்கூட்டியில் போகிறவர்களின் முகத்தில் துப்பட்டாவுக்கு மேலே கண்கள் மட்டும் தெரியும். கிருஷ்ணகிரி பழையபேட்டைக்குப் போனால் கறுப்புப் புர்கா. எலத்தகிரிக் கிறிஸ்தவக் கோயிலில் ஞாயிறு பூசைக்குப் போனால் முதிய பெண்களின் சேலை முந்தானை தலைமேல் ஏறியிருக்கும். தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் மார்கழி விடியலில் பால் ஊற்றப் போகும் எந்தப் பெண்ணும் வெறுந்தலையோடு போவதில்லை.

இத்தனை துணிகள் இருந்தும் நமக்குக் கண்ணில் படுவது ஒன்றே ஒன்றுதான். 2022 பிப்ரவரி 5ஆம் தேதி கர்நாடக அரசு கல்லூரிகளில் ஹிஜாபுக்குத் தடையாக அமைந்த சீருடை ஆணையை வெளியிட்டது முதல் பெண்ணின் தலைத்துணி என்றாலே ஹிஜாப் என்று ஆகிவிட்டது. அந்த ஆணை நடைமுறைக்கு வந்த கர்நாடகத்தின் எல்லை ஊரான அத்திபெலே, ஓசூரிலிருந்து பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு துணியை மற்ற எல்லாத் துணிகளோடும் சேர்த்து வைத்துப் பார்க்க முயல்கிறது. ஒரு பெண்ணின் தலையில் துணியைப் பார்த்ததும் அவள் சாதியையும் மதத்தையும் முதலில் கேட்கிறோம். அதைக் கட்டச் சொன்னது யார், வேண்டாம் என்றால் அவளால் அவிழ்க்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்டிருந்தால் இந்த விவாதம் வேறு வழியில் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

உழைப்பிலிருந்தே தொடங்குகிறேன். எண்ணிக்கையில் பெரியது அதுதான். யாரும் எழுதாததும் அதுதான்.

கழனியில் களை எடுக்கும் பெண் துண்டு கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதில் ஒரு தேர்ச்சி தெரியும். தோளில் கிடக்கும் துண்டை ஒரு உதறு உதறி, அதன் நீள விளிம்பை நெற்றிக்கு மேலே வைப்பாள். இரண்டு முனைகளையும் காதுகளுக்கு மேலாகப் பின்னுக்குக் கொண்டுபோய்க் கொண்டைக்குக் கீழே குறுக்கே மாற்றி, ஒன்றை மற்றொன்றுக்குள் செருகிவிடுவாள். முடிச்சு கிடையாது. குனிந்து நிமிர்ந்தாலும் அவிழாது. ஒரு கையால் இழுத்தால் உடனே வந்துவிடும். மீதித்துணி பிடரியில் தொங்கும். குனிந்து வேலை செய்பவருக்கு வெயில் உச்சியைவிடப் பிடரியில்தான் அதிகம் விழுகிறது என்பதை அந்தத் தொங்கல் அறிந்து வைத்திருக்கிறது. வியர்வை துடைப்பதும், மத்தியானம் சோற்றுப் போசியைச் சுற்றுவதும், மர நிழலில் விரித்துப் படுப்பதும் அதே துண்டில்தான். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொள்வது எப்போது தொடங்கியது என்று தேதி போட முடியாவிட்டாலும், இன்று அந்தச் சட்டையும் துண்டும் சேர்ந்ததுதான் தமிழ்நாட்டு உழைக்கும் பெண்ணின் சீருடை. அவளே வாங்கி, அவளே தைத்து, அவளே துவைக்கும் சீருடை.

சுமை தூக்கும்போது தலைத்துணியின் வேலை மாறுகிறது. அப்போது அது சும்மாடு. பழந்துணியை முறுக்கிச் சுருட்டி வட்டமாக்கித் தலையில் வைத்தால், பாண்டுச் சட்டியின் பாரம் மண்டையின் ஒரே இடத்தில் குத்தாமல் பரவும். செங்கல், ஜல்லி, தண்ணீர்க் குடம், புல்லுக்கட்டு, மாங்காய்க் கூடை எல்லாம் இந்தச் சும்மாட்டின் மேல்தான் போயிருக்கின்றன. பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கிரானைட் உலகச் சந்தைக்குப் போயிற்று. அந்தக் குவாரிகளைச் சுற்றி உடைகல் பொறுக்கியும் சுமந்தும் கூலி வாங்கிய பெண்களின் தலையில் இருந்தது துணி ஒன்றுதான். வெடி வைத்த பாறைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவருக்குத் தேவைப்பட்டது கடினத் தொப்பி. இந்த இடைவெளியைப் பற்றி நாம் கோபப்பட வேண்டும். ஒரு பெண் தன் தலையைத் தானே எப்படியோ காத்துக்கொள்வாள் என்று முதலாளி விட்டுவிட்ட இடத்தில்தான் துண்டு வந்து உட்கார்ந்தது.

மலைத்தோட்டத் தமிழ்ப் பெண்களிடம் இதே துணிக்கு இன்னொரு வேலை. இலங்கை மலையகத்தில் 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கியது முதல், கொழுந்துக் கூடையின் கயிறு தமிழ்ப் பெண்ணின் தலையில்தான் மாட்டப்பட்டது. கயிறு உச்சியை அறுக்காமல் இருக்கத் தடித்த துணியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். மலேயா ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால்வெட்டப் போன பெண்கள் கொசுவுக்கும் பனிக்கும் தலையைச் சுற்றிக் கட்டினார்கள். இவர்களின் பேத்திகளிடம் போய்த் தமிழச்சி தலையை மூடமாட்டாள் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இனிக் குளிர். சமவெளித் தமிழர்களுக்கு இது அவ்வளவு விளங்காது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக மேலே ஏற ஏறக் காற்றே வேறாகிவிடும். ஓசூருக்குத் தெற்கே இருக்கும் தளியைக் குட்டி இங்கிலாந்து என்று சொல்வது இன்றும் வழக்கம். ஆங்கிலேயர் வைத்த பெயர் என்பார்கள். ஒரே மாவட்டத்துக்குள் கீழே மாங்காய் பழுக்கும் வெயில், மேலே ராகி வயல்மீது மூடுபனி. கீழே வெயிலுக்குக் கட்டிய துண்டை மேலே பனிக்குக் கட்டுகிறார்கள். மழைக்காலத்தில் சாக்குக் கொங்காணி. கோணியின் ஒரு மூலையை எதிர்மூலைக்குள் குத்திவிட்டால் தலைக்கு ஒரு கூம்பும் முதுகுக்கு ஒரு மறைப்பும் கிடைத்துவிடும். ஆடு மேய்க்கும் குறும்பர் குடும்பங்களில் அதே வேலையைக் கம்பளி செய்தது. பிளாஸ்டிக் தாள் வந்த பிறகு சாக்கு போயிற்று. அந்த மடிப்பு மட்டும் அப்படியே தாளுக்கு மாறிக்கொண்டது.

குட்டி இங்கிலாந்தின் பேச்சு வந்ததால் அசல் இங்கிலாந்தையும் அதன் அண்டைநாடான அயர்லாந்தையும் பார்த்துவிடலாம். அங்கே நடந்தது நம் கேள்விக்கு மிகவும் பயன்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் லங்காஷயர் பஞ்சாலைப் பெண்கள் மரக்காலணியும் தலையைச் சுற்றிய சால்வையுமாக ஆலைக்குப் போனார்கள். அயர்லாந்தின் கார்க், கால்வே நகரச் சந்தைகளில் மீனும் காய்கறியும் விற்ற பெண்களுக்குத் தடித்த சால்வைதான் தலைக்கும் தோளுக்கும். கின்சேல் பக்கத்தில் தலையை முழுக்க மறைக்கும் முக்காட்டு அங்கியே இருந்தது. தொப்பி வைத்தவள் சீமாட்டி, சால்வை போட்டவள் கூலிக்காரி என்று தலையைப் பார்த்தே தரம் பிரித்த காலம் அது. இரண்டாம் உலகப்போர் இந்தப் பிரிவைக் கலைத்தது. 1941 டிசம்பரில் பிரிட்டன் திருமணமாகாத இளம்பெண்களையும் கட்டாயப் பணிக்கு அழைத்தது. கடைசல் எந்திரத்தின் முன் நின்ற பெண்ணின் கூந்தல் சுழலும் தண்டில் சிக்கினால் உச்சித்தோலோடு பிய்ந்துவரும். ஆகவே சதுரத் துணியை முக்கோணமாக மடித்து, முடி முழுவதையும் உள்ளே அடக்கி நெற்றிமேல் முடிச்சிட்டார்கள். ஓவியர் லாரா நைட் 1943இல் வரைந்த ரூபி லாஃப்டஸ் ஓவியத்தில், பீரங்கிக்கான உறுப்பு ஒன்றைக் கடையும் அந்தப் பெண்ணின் முடி பச்சை வலைக்குள் அடங்கியிருக்கிறது. பார்வை எந்திரத்தைவிட்டு விலகவில்லை. அதே ஆண்டுகளில் அமெரிக்காவில், ஒரு கண்ணை மறைத்து விழும் கூந்தலுக்குப் பேர்போன நடிகை வெரோனிகா லேக்கை அரசே அணுகி முடியை ஏற்றிக் கட்டச் சொன்னது. அவரைப் பார்த்துத் தொழிற்சாலைப் பெண்கள் முடியை அவிழ்த்துவிட்டது விபத்துக்கு இடமாயிற்று.

போர் முடிந்த பிறகும் துணி தலையைவிட்டு இறங்கவில்லை. வாரம் ஒருமுறை முடிதிருத்தும் கடைக்குப் போய்ச் சுருள் வைத்துக்கொண்ட முடியை மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் காக்க அது வேண்டியிருந்தது. இரண்டாம் எலிசபெத் அரசி குதிரைகளிடமும் நாய்களிடமும் போகும்போது தாடைக்குக் கீழே முடிச்சிட்ட பட்டுத்துணியைக் கட்டினார். கொரோனேஷன் ஸ்ட்ரீட் தொலைக்காட்சித் தொடரில் வீடு கூட்டித் துடைக்கும் ஹில்டா ஓக்டன் சுருள்குச்சிகளுக்கு மேலே அதையேதான் கட்டினாள். அரசியும் வேலைக்காரியும் ஒரே மாதிரி தலையை மூடிய நாடு அது. அயர்லாந்தில் இதோடு கோயிலும் சேர்ந்துகொண்டது. பெண்கள் தலையை மூடித்தான் பூசைக்கு வர வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு சொன்னது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த விதி இல்லை. இடைப்பட்ட காலத்திலேயே, 1960களின் இறுதிக்குள், இளம்பெண்கள் துணியைக் கழற்றிவிட்டார்கள். காரும் புதிய முடியலங்காரமும் வந்தன. அம்மாவைப் போல் தோன்றக்கூடாது என்ற எண்ணமும் வந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின் நடந்த மறதி. இன்று அந்த நாடுகளில் தலைத்துணி என்றால் முஸ்லிம் பெண் என்று மட்டுமே பொருள். தன் பாட்டி நாற்பது வருடம் தினமும் தாடைக்குக் கீழே முடிச்சிட்டுக்கொண்டு கடைக்குப் போனதை மறந்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் துணியை வேற்றுநாட்டுப் பொருளாகப் பார்க்கிறார்கள். நம்மிடமும் அதே மறதி வேலை செய்கிறது. பாட்டியின் துண்டு நமக்குத் துணியாகவே தெரியவில்லை.

அங்கே போர்க்காலத்தில் நடந்ததை ஓசூரில் சிப்காட் செய்தது. 1970களில் சிப்காட் வளாகம் உருவாகி, அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் வந்து, 1980களில் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ராகிக்கொல்லையில் துண்டு கட்டிய அம்மாவின் மகள் வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு நுண்கருவி முன் உட்கார்ந்தாள். அம்மாவின் துண்டு வெயிலிலிருந்து தலையைக் காத்தது. மகளின் தொப்பி அவளுக்காக ஏற்பட்டதல்ல; அவள் தலையிலிருந்து விழக்கூடிய ஒரு முடியிலிருந்தும் பொடுகிலிருந்தும் கடிகாரத்தைக் காப்பதற்கு ஏற்பட்டது. கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளில் பருவத்துக்குப் போகும் பெண்கள் போடும் வலைத்தொப்பியும் அப்படித்தான், மாங்கூழுக்கான காவல். மின்னணுத் தொழிற்சாலைகளில் தொப்பி நிலைமின்சாரத்துக்காகவும் தூசுக்காகவும். பஞ்சாலையில் மட்டுமே அது அவளுக்காகவும் வேலை செய்கிறது: கதிரில் முடி சிக்காமலும் பார்க்கும், பஞ்சுத்தூசி தலையில் அடையாமலும் பார்க்கும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கம்பெனித் தொப்பியில் ஒரு விடுதலையும் இருக்கிறது. வரிசையில் உட்கார்ந்திருக்கும் நூறு பெண்களில் யார் எந்தச் சாதி, யார் வீட்டில் எவ்வளவு நகை, யார் விதவை என்று தலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பூ வைக்கவும் முடியாது. ஓசூர் டாடா மின்னணு ஆலைக்காக ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளிலிருந்து ஆறாயிரம் பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டதாக 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். ஜார்க்கண்டுப் பெண்ணும் அஞ்செட்டிப் பெண்ணும் தொப்பிக்குள் ஒன்றுபோலத் தெரிவார்கள். வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பும்போதுதான் ஒருத்தி பின்னலைச் சரிசெய்வாள், ஒருத்தி துப்பட்டாவைத் தலையில் இழுத்துக்கொள்வாள்.

பூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்னாட்டில் முக்காடு நிலையான உடையாகாமல் போனதற்கு வெப்பத்தை ஒரு காரணமாகச் சொல்வார்கள். ராஜஸ்தானின் வெப்பத்தில் முக்காடு நிலைத்திருப்பதால் அந்தக் காரணம் செல்லாது. பூதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். எண்ணெய் வைத்துப் பின்னிச் சரம் வைத்த தலை மங்கலத்தின் அடையாளம். அதை மூடினால் வைத்த பூ வீண். ஆகவே இங்கே துணி தலைக்கு ஏறும் வேளைகள் எல்லாம் பூவுக்கு இடமில்லாத வேளைகள்: கூலி வேலை, குளிர், பிரார்த்தனை, துக்கம். ஓசூர்ப் பக்கத்துக் குடில்களில் ரோஜா பறிக்கும் பெண்களிடம் இது நன்றாகத் தெரியும். அமுதகொண்டப்பள்ளியின் டான்ஃபுளோரா பூங்கா முதல் சிறு விவசாயிகளின் பசுமைக்குடில்கள் வரை பிப்ரவரிக் காதலர் நாளுக்கு வெளிநாடு போகும் ரோஜாவை வெட்டித் தரம் பிரிப்பவர்களில் பெண்கள் அதிகம். பூவுக்கு நடுவே நிற்கும் அவர்கள் தலையில் துணிதான் இருக்கிறது, மருந்து அடித்த செடி என்பதால்.

துக்கத்தின் முக்காட்டை விரைவாகக் கடந்துவிட முடியாது. பிராமணக் குடும்பங்களில் கணவனை இழந்த பெண்ணின் தலையை மழித்து, அந்தத் தலைமேல் வாழ்நாள் முழுக்க நார்மடி முக்காட்டைப் போட்ட வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இருந்தது. பல வீடுகளில் அந்தப் பெண் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி. பதினொரு வயதிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி (1886–1969) மழித்துக்கொள்ளாமல் படித்துப் பட்டம் வாங்கி, சென்னையில் தன்னைப் போன்ற சிறுமிகளுக்கு இல்லம் நடத்தியது எவ்வளவு பெரிய காரியம் என்று இன்று உணர்வது கடினம். அந்த முக்காட்டை அணிந்தவளால் அவிழ்க்க முடியாது. கட்டச் சொன்னவர்கள் அவளைச் சுற்றியிருந்த அனைவரும். தமிழ்நாட்டில் ஒரு தலைத்துணி கொடுமையாக இருந்தது என்றால் அது இதுதான். அதை ஒழித்தது சட்டம் அல்ல, பெண்களின் படிப்பு.

இஸ்லாமியப் பெண்களின் துணிக்கு வருவோம். இந்த வட்டாரம் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. கிருஷ்ணகிரியைச் சேர்ந்த பாராமகால் பகுதி 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கிருஷ்ணகிரி, ஓசூர் முஸ்லிம்களில் தக்கினி உருது பேசுபவர்கள் நிறையப் பேர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழ் பேசும் முஸ்லிம் பெண்களுக்கு வெள்ளைத் துப்பட்டி இருந்தது. உருதுக் குடும்பங்களில், பிற ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் கோஷா முறை. 1885இல் சென்னையில் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவமனைக்கே கோஷா ஆஸ்பத்திரி என்று பெயர் நிலைத்தது, ஆண் மருத்துவரிடம் வராத பெண்களும் அங்கே வந்தார்கள் என்பதால். இப்போது தமிழ் வழியும் உருது வழியும் கறுப்புப் புர்காவில் ஒன்றாகிவிட்டன. ஆனால் வர்க்கம் இங்கேயும் குறுக்கே வருகிறது. மாந்தோப்பில் கூலிக்குப் போகும் முஸ்லிம் பெண்ணும் அடுத்த வரிசைப் பெண்ணைப்போலத் துண்டுதான் கட்டுகிறாள்; இருவரையும் வேறுபடுத்த முடியாது.

கர்நாடக ஆணையை அந்த மாநில உயர் நீதிமன்றம் 2022 மார்ச் 15 அன்று செல்லும் என்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளில் ஹேமந்த் குப்தா ஆணையை ஏற்றார், சுதான்ஷு துலியா தள்ளினார். பெண்பிள்ளை படிக்க வருவதே பெரிதாக இருக்கும் இடத்தில் அவளை வாசலில் நிறுத்துவது சரியா என்ற கவலை துலியாவின் தீர்ப்பின் நடுவே இருந்தது; நானும் அந்தப் பக்கம்தான். தமிழ்நாட்டில் அப்படியோர் ஆணை இல்லை. ஆனாலும் 2022 பிப்ரவரியில் மதுரை மாவட்டம் மேலூரில் உள்ளாட்சித் தேர்தல் வாக்குச்சாவடியில், வாக்களிக்க வந்த பெண் ஹிஜாபைக் கழற்ற வேண்டும் என்று ஒரு கட்சி முகவர் தகராறு செய்தார். மற்ற முகவர்கள் எதிர்க்க, அவரை வெளியேற்றினார்கள். அதே 2022 செப்டம்பரில் ஈரானில் மாசா அமீனி, ஹிஜாபைச் சரியாக அணியவில்லை என்று பிடித்துச் செல்லப்பட்டு இறந்தார். ஈரான் 1936இல் ரேசா ஷா காலத்தில் பெண்களின் தலைத்துணியைக் காவலரை விட்டுப் பறித்த நாடு. புரட்சிக்குப் பின் அதே துணியைச் சட்டம் போட்டுக் கட்டவைத்த நாடு. கட்டச் சொல்வதும் அவிழ்க்கச் சொல்வதும் அங்கே ஒரே கையின் வேலையாக இருந்தன.

கிறிஸ்தவப் பெண்களிடம் இந்தச் சண்டை இல்லை. அயர்லாந்துப் பெண்கள் விட்டுவிட்ட வழக்கம் இங்கே சேலைத் தலைப்பில் தொடர்கிறது. பூசைக்கும் ஜெபத்துக்கும் முந்தானை ஏறும், முடிந்ததும் இறங்கும். பெந்தெகொஸ்தே சபைகளில் வெள்ளைத் துணி இன்னும் கண்டிப்பாக இருக்கிறது.

லம்பாடிப் பெண்களின் கதை வருத்தம் தருவது. கண்ணாடியும் சோழியும் பூவேலையும் நிறைந்த தலைத்துகிலை ஒருகாலத்தில் இந்த மாவட்டங்களின் தாண்டாக் குடியிருப்புகளில் தினசரி உடையாக அணிந்தார்கள். பள்ளியிலும் சந்தையிலும் கிடைத்த ஏளனத்தில் இளைய தலைமுறை சேலைக்கு மாறியது. தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் போர்கை என்ற பெயரில் லம்பாடிப் பெண்களே கூடி அந்தத் தையலை மீட்டெடுத்திருக்கிறார்கள். மூதாட்டிகளிடமிருந்து கற்று, இப்போது பைகளிலும் சட்டைகளிலும் தைத்து விற்கிறார்கள். தையல் பிழைத்துக்கொண்டது, தலைத்துகில் திரும்பவில்லை.

ஏளனத்துக்கு எதிராகத் தலைத்துணி நிமிர்ந்து நின்ற ஒரு கதையிலும் நம் கடற்கரைக்குப் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்து சென்னையிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட பருத்தித்துணிக்கு உலகச் சந்தையில் மெட்ராஸ் என்றே பெயர். 1786இல் ஸ்பானிய ஆளுநர் மீரோ, லூயிசியானாவின் சுதந்திரக் கறுப்பினப் பெண்கள் முடியை அலங்காரமின்றித் துணியால் மூட வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்கள் அழகு வெள்ளைப் பெண்களை மங்கச் செய்கிறது என்பது குறை. அந்தப் பெண்கள் பளிச்சென்ற மெட்ராஸ் துணியை எடுத்து மகுடம்போலச் சுற்றிக் கட்டினார்கள். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இன்றுவரை விழா உடையில் அந்தக் கட்டம்போட்ட தலைக்கட்டு இருக்கிறது. அதே தீவுகளுக்குக் கூலிகளாகக் கப்பலில் போன தமிழ்ப் பெண்கள், தங்களூர்த் துணியை அங்கே முன்னதாகவே வந்து சேர்ந்த ஒன்றாகப் பார்த்திருப்பார்கள்.

ஓசூரில் இன்று இளம்பெண்களிடம் மிக வேகமாகப் பரவியிருப்பது வண்டித் துப்பட்டா. 1980இல் டி.வி.எஸ். 50, 1990களில் ஸ்கூட்டி என்று பெண்களைச் சாலைக்குக் கொண்டுவந்த வண்டிகள் இந்த ஊரின் பெயரோடு சேர்ந்தவை. சாலைக்கு வந்த பெண்ணுக்குப் புகை, 44ஆம் எண் நெடுஞ்சாலையின் லாரித் தூசி, கறுத்துவிடுவோம் என்ற பயம் மூன்றும் சேர்ந்து வந்தன. மூன்றாவதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. திருமணச் சந்தை அந்தப் பயத்தைப் பெண்களுக்குள் ஏற்றியிருக்கிறது. துப்பட்டாவைத் தலையில் போட்டு, ஒரு முனையை மூக்குக்குக் குறுக்கே இழுத்து, காதோரம் செருகி, இரண்டையும் பிடரியில் இறுக்குவார்கள். கண்ணுக்கு மேலே ஒரு விரல்கடை, கீழே ஒரு விரல்கடை. அதன்மேல் தலைக்கவசம். 2015 ஜூலை 1 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் கவசம் கட்டாயமான பின், வியர்வையை உறிஞ்ச உள்ளே துணி வேண்டும் என்ற காரணமும் சேர்ந்தது. இந்துப் பெண், கிறிஸ்தவப் பெண், முஸ்லிம் பெண் என்று யாரையும் சிக்னலில் பிரித்தறிய முடியாது. முகத்தை முழுக்க மூடியபடி ஜூஜூவாடி சோதனைச்சாவடியைத் தாண்டி பெங்களூருப் பக்கம் போகிற ஆயிரக்கணக்கான பெண்களைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை. கல்லூரி வாசலில் மட்டும் ஒரு கைக்குட்டையளவு துணி நாட்டின் பிரச்சினையாயிற்று.

இந்தத் துப்பட்டாவில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சரியாகச் செருகாத முனை பின்சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கிய விபத்துகள் நம் ஊர்ச் செய்திகளில் வந்துகொண்டே இருக்கின்றன. பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி சொல்கிறது. அழகுக்காக அந்தத் தடுப்பைக் கழற்றிப் போடுகிறவர்கள், பின்னால் உட்காரும் பெண்ணின் கழுத்தை நினைத்துப் பார்ப்பதில்லை.

கடைசியாக மீண்டும் துண்டுக்கு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறந்த பிறகு கிடைக்கும் பணம் அது. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலையிடத்தில் குடிநீரும் இளைப்பாற நிழலும் முதலுதவிப் பெட்டியும் இருக்க வேண்டும் என்று அட்டவணையிலேயே எழுதிவைத்தது. வேப்பனப்பள்ளி ஏரிக்கரையில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களுக்கு நிழல் என்பது பெரும்பாலும் அவர்கள் தலைமேல் இருந்த ஈரத்துண்டுதான். நனைத்துக் கட்டினால் அரை மணி நேரம் தாங்கும். பிறகு மறுபடியும் நனைக்கத் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். கம்பெனிக்குள் கடிகாரத்துக்கும் மாங்கூழுக்கும் தொப்பி வாங்கிக் கொடுக்கப்படுகிறது. வயலிலும் குவாரியிலும் கட்டடத்திலும் வேலை செய்யும் பெண்ணுக்கு அகல விளிம்புத் தொப்பியோ கடினத் தொப்பியோ கொடுப்பது கூலியோடு சேர்ந்த கடமை என்று ஒப்பந்தக்காரரையும் ஊராட்சியையும் கட்டாயப்படுத்த வேண்டும். வேலையிடத் தண்ணீரும் நிழலும் இருக்கின்றனவா என்று பகல் பன்னிரண்டு மணிக்கு நேரில் வந்து பார்க்க ஓர் அதிகாரியும் வேண்டும்.